பொம்மையாகப் பிறந்த டிராம்

வண்டலூர் உயிரியல் பூங்காவில் நடந்து கால் ஓய்ந்தவர்களை ஏற்றிக்கொண்டு பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன. பக்கச் சுவர் கிடையாது, வரிசையாகப் பெஞ்சுகள், எஞ்சின் சத்தம் இல்லை. கீழே இரண்டு தண்டவாளமும் தலைக்கு மேலே ஒரு செப்புக் கம்பியும் இருந்துவிட்டால் அதைப் பழைய டிராம் என்றே சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட பேட்டரி வண்டிகளைத் தயாரித்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலேயர் பொழுதுபோக்காகச் சின்ன டிராம் ஒன்றைச் செய்யப்போய், கடைசியில் ஒரு ரயில் பாதையையே விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. அவரிடம் போவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். ஏனென்றால் மாதிரி டிராம் செய்யும் பைத்தியம் மின்சார டிராமைவிட மூத்தது.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நிஜ வண்டி முதலில், அதைப் பார்த்துப் பொம்மை அப்புறம் என்பதுதானே உலக வழக்கு? மின்சார டிராம் விஷயத்தில் அது தலைகீழ்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் பிராண்டன் என்ற ஊரில் தாமஸ் டேவன்போர்ட் என்று ஒரு கொல்லர். பக்கத்து இரும்புச் சுரங்கத்தில் தாதுவைப் பிரித்தெடுக்க மின்காந்தம் ஒன்றை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து ஆளுக்குத் தூக்கம் போயிற்று. சகோதரரின் குதிரையை விற்ற பணம் அந்தக் காந்தத்துக்குப் போனது. கம்பிகள் ஒன்றோடொன்று உரசாமல் சுற்றிக் கட்ட, மனைவி எமிலி தன் கல்யாணப் பட்டுடையைக் கிழித்துக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கூறைப்புடவையைக் கத்தரித்துக் கொடுக்க எந்த வீட்டில் சம்மதிப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தால் அந்த அம்மாளுக்கும் கண்டுபிடிப்பில் பாதிப் பங்கு கொடுக்கத் தோன்றும். 1834இல் மோட்டார் சுழன்றது. அடுத்த ஆண்டே டேவன்போர்ட் வட்டமான ஒரு சின்னத் தண்டவாளம் போட்டு, அதில் தானாக ஓடும் சின்ன வண்டியை ஊர் ஊராகக் காட்டினார். 1837இல் காப்புரிமையும் கிடைத்தது. பணம்தான் வரவில்லை. அந்தக் காலத்து பேட்டரி துத்தநாகத்தைத் தின்று மின்சாரம் கொடுத்தது. அதற்கு ஆன செலவைப் பார்த்தால் நிலக்கரியும் நீராவியும் கொள்ளை மலிவு. ஆகவே வண்டி வட்டத்துக்குள்ளேயே சுற்றி நின்றுபோனது. மனிதர் 1851இல் ஏழையாகவே இறந்தார்.

டைனமோ வந்த பிறகுதான் அந்த வட்டம் பெரிதாயிற்று. 1879இல் பெர்லினில் நடந்த தொழிற்கண்காட்சியில் வெர்னர் சீமென்ஸின் நிறுவனம் 300 மீட்டர் வளையப் பாதை ஒன்றைப் போட்டது. சுரங்கத்துக்கென்று செய்த குட்டி எஞ்சின், அதன்மேல் குதிரையில் உட்காருவதுபோலக் கால்களை இருபுறமும் போட்டுக்கொண்டு ஓட்டுநர், பின்னால் மூன்று பெட்டிகளில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்த பயணிகள். தண்டவாளங்களுக்கு இடையே அரை மீட்டர் இடைவெளிதான். நாலு மாதத்தில் எண்பதாயிரம் பேருக்கு மேல் ஏறி வேடிக்கை பார்த்தார்கள். இன்றைக்கு எந்தப் பொருட்காட்சியிலும் குழந்தைகளுக்கு ஓடும் ரயில் என்ன அளவோ, உலகத்தின் முதல் பயணிகள் மின்ரயில் அந்த அளவுதான். இரண்டே ஆண்டில் பெர்லினை ஒட்டிய லிச்டர்ஃபெல்டேயில் முழு அளவு டிராம் வந்துவிட்டது. 1888இல் ஃபிராங்க் ஸ்ப்ரேக் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரம் முழுவதும் மேல்நிலைக் கம்பி கட்டி ஓட்டிக் காட்டினார்.

அதிலிருந்து ஏழு ஆண்டில் சென்னை. 1895 மே 7. கல்கத்தாவில் அப்போது குதிரை டிராம்; மின்சாரம் வந்தது 1902இல். பம்பாய்க்கு 1907இல். லண்டன் தெருவிலேயே மின்டிராம் முறையாக ஓடத் தொடங்கியது 1901இல்தான். நம் ஊர் முந்திக்கொண்டது. முந்திக்கொண்டவனுக்கு வரும் தொல்லையும் வந்தது. தலைக்கு மேல் கம்பி தொங்கக் கூடாது என்று முதலில் தண்டவாளங்களுக்கு நடுவே நிலத்துக்கடியில் ஒரு குறுகிய வாய்க்கால் வெட்டி, அதற்குள் மின்கம்பியை ஒளித்து வைத்தார்கள். வண்டியின் அடியிலிருந்து ஒரு தகடு பிளவு வழியாக உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டுக்கொண்டே போகும். பார்க்க அழகான ஏற்பாடு. ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாதம் இருப்பதை லண்டனில் உட்கார்ந்து வரைபடம் போட்டவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். மழைத்தண்ணீர் வாய்க்காலில் நிறைந்தால் மின்சாரம் என்ன ஆகும்? பழைய நிறுவனம் கைமாறியது. 1904 என்ற ஆண்டைப் பெயரிலேயே தாங்கிய புதிய நிறுவனம் வந்தது, கம்பியும் தலைக்கு மேலே ஏறியது.

டிராம் தாம்பரம், வண்டலூர் பக்கம் தலைகாட்டியதே இல்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மீட்டர்கேஜ் மின்ரயில் 1931இல் வந்தது. வண்டலூர்க்காரர் அதைப் பிடிக்கவும் தாம்பரம் வரை வந்தாக வேண்டியிருந்தது. இருந்தாலும் டிராம் கதையைச் சொல்ல வண்டலூருக்கு ஒரு சின்ன உரிமை இருக்கிறது. இங்கே இருக்கும் மிருகக்காட்சிசாலை 1985 வரை மூர் மார்க்கெட் பின்னால், சென்ட்ரலுக்குப் பக்கத்தில், டிராம் மணி கேட்ட இடத்தில் இருந்தது. புலியும் சிங்கமும் இடம்பெயர்ந்து இங்கே பிழைத்துக்கொண்டன. டிராமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நஷ்டம் தாங்காமல் 1953 ஏப்ரல் 12ஆம் தேதி சென்னையில் டிராம் நின்றது. நின்றது நின்றதுதான்.

அதற்கு ஒன்பது மாதம் முன்னால், 1952 ஜூலையில், லண்டனின் கடைசிப் பழைய டிராம் கொட்டகைக்குத் திரும்பியிருந்தது. உலகம் முழுக்க ஒரே காய்ச்சல்: பஸ் வாங்கு, தண்டவாளத்தைப் பெயர்த்தெடு. கொஞ்ச நாளில் பம்பாய், டெல்லி, கிளாஸ்கோ எல்லாம் வரிசையில் வந்தன. நாம் பேச வேண்டிய பொழுதுபோக்கு சரியாக இந்த நேரத்தில்தான் தடித்து வளர்ந்தது.

விதை முன்பே விழுந்திருந்தது. சென்னையில் டிராம் ஓடத் தொடங்கிய அதே தொண்ணூறுகளில், அமெரிக்காவின் சின்சினாட்டியில் கார்லைல் அண்டு ஃபின்ச் என்ற நிறுவனம் மின்சாரத்தில் ஓடும் பொம்மை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் நான்கு சக்கர டிராம்தான். புகையும் நீராவியும் மின்சாரத்துக்கு ஒட்டாது. டிராம் மட்டுமே பொய் சொல்லாத பொம்மை. ஜோஷுவா லயோனல் கோவன் 1901இல் நியூயார்க் கடை ஜன்னலில் சரக்கைச் சுற்றிக் காட்ட ஒரு சின்ன மின்வண்டி செய்தார். வாங்க வந்தவர்கள் சரக்கை விட்டுவிட்டு வண்டியை விலை கேட்டார்கள். லயோனல் பொம்மை ரயில் கம்பெனி பிறந்தது இப்படி.

ஆனால் கடையில் வாங்குவது வேறு, கட்டுவது வேறு. தன் ஊர் டிராமைத் தானே அளவெடுத்துச் செய்யும் ஆட்களுக்கென்று பிரிட்டனில் 1938இல் ஒரு சங்கம் தோன்றியது: டிராம்வே அண்டு லைட் ரயில்வே சொசைட்டி. அவர்கள் பெரிதும் விரும்பிய அளவு நிஜத்தில் பதினாறில் ஒரு பங்கு. பத்து மீட்டர் நீள டிராம் மேசைமேல் 62 சென்டிமீட்டர் ஆகும். தண்டவாள இடைவெளி மூன்றரை அங்குலம்.

ஏன் இவ்வளவு பெரிய அளவு? நீளம் பதினாறில் ஒன்றாகக் குறைந்தால் எடை பதினாறின் கனத்தால் குறைகிறது, அதாவது நாலாயிரத்து சொச்சத்தில் ஒன்று. பன்னிரண்டு டன் வண்டி அப்போதும் மூன்று கிலோ இருக்கும். அதைவிடச் சின்னதாகப் போனால் வண்டி காகிதம் மாதிரி லேசாகிவிடும். கூரைமேல் இருக்கும் கழி கம்பியை அழுத்திப் பிடிக்காது, சக்கரம் தூசிக்கே துள்ளும். மூன்று கிலோ வண்டியில் எல்லாம் நிஜமாக வேலை செய்யும். கழி நிஜமாகவே மேல்கம்பியிலிருந்து மின்சாரத்தை இழுக்கும். கடைசி நிறுத்தத்தில் யாராவது ஒருவர் குச்சியால் அந்தக் கழியைத் திருப்பிவிட்டால்தான் வண்டி திரும்பிப் போகும். நிஜ டிராமில் கண்டக்டர் கயிற்றைப் பிடித்து என்ன செய்தாரோ அதையேதான் கண்காட்சி மேசையில் நரைத்த தலைகள் செய்துகொண்டிருக்கும்.

இன்னொரு சௌகரியம் வளைவு. நம் அகலப்பாதை ரயிலுக்கு வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது. அதைப் பதினாறால் வகுத்தாலும் பதினோரு மீட்டர். வட்டமாகச் சுற்ற விட வேண்டுமென்றால் கல்யாண மண்டபம் பிடிக்க வேண்டும். டிராமோ தெருமுனையில் பதினைந்து மீட்டர் ஆரத்திலும் திரும்பிவிடும். மாதிரியில் அது ஒரு மீட்டருக்கும் குறைவு. ஒரு வீட்டுக் கூடம் போதும். மாதிரி ரயில்காரர்கள் மலை, பாலம், சுரங்கம் என்று இடத்துக்கு அலைகிறபோது, டிராம்காரர் ஒரு தெருவைக் கட்டினால் முடிந்தது. கடை, விளம்பரப் பலகை, தபால்பெட்டி, விளக்குக்கம்பம். சொல்லப்போனால் பாதி உழைப்பு வண்டியில் இல்லை, தெருவில்தான். தண்டவாளம் சாலையில் புதைந்து கிடக்க வேண்டும், சக்கரத்தின் விளிம்பு போக ஒரு பள்ளம் மட்டும் தெரிய வேண்டும். அந்தப் பள்ளத்தில் ஒரு மணல் துகள் விழுந்தாலும் வண்டி தடம் புரளும். கண்காட்சிக்கு எடுத்துப்போக எல்லாவற்றையும் பலகை பலகையாகப் பிரித்து, இறங்கிய இடத்தில் மறுபடி மயிரிழை பிசகாமல் கோக்க வேண்டும். பொறுமைசாலிகளின் பொழுதுபோக்கு.

இனி நம் பேட்டரிக்காரர். பெயர் கிளாட் லேன். லண்டனுக்கு வடக்கே பார்னெட்டில் லங்காஸ்டர் எலெக்ட்ரிகல் கம்பெனி என்று ஒரு பட்டறை. வீடு வீடாகப் பால் போடும் பேட்டரி வண்டி மாதிரியானவை அவருடைய தயாரிப்பு. டிராம் என்றால் உயிர். மற்றவர்கள் மேசைமேல் வைக்கும் அளவில் செய்ய, இவர் ஆள் ஏறும் அளவில் செய்தார். தண்டவாள இடைவெளி 15 அங்குலம். 1949 வாக்கில் ஊர்த் திருவிழாக்களுக்குத் தண்டவாளத்தோடு வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் விரித்து, குழந்தைகளை ஏற்றி, சாயங்காலம் சுருட்டிக்கொண்டு வருவார். கூட்டம் சேர்ந்தது. 1951இல் செயின்ட் லெனார்ட்ஸ் கடற்கரையில் ஒரு கோடைக்காலம். 1952இல் வேல்ஸில் ரில் என்ற கடற்கரை ஊரின் கேளிக்கைப் பூங்காவில் நிலையான பாதை. லண்டன் தன் டிராமைக் கழித்துக்கட்டிய அதே ஆண்டு என்பதைக் கவனியுங்கள்.

1954 ஜூலையில் ஈஸ்ட்போர்ன் என்ற ஊரில் லேனின் இரண்டடி இடைவெளிப் பாதை திறந்தது. மாடி வைத்த குட்டி டிராம்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரில் ஓடிய வண்டியின் சாயல். பொழுதுபோக்கு எப்போது தொழிலாயிற்று என்று லேனுக்கே தெரிந்திருக்காது. பதினைந்து ஆண்டு ஓடியது. பிறகு அங்கே சாலை போடும் திட்டம் வந்தது. நிஜ டிராமை விரட்டிய அதே சாலை, மாதிரி டிராமையும் விரட்ட வந்துவிட்டது!

அவர் வேறு இடம் தேடினார். அந்தச் சமயம் பிரிட்டிஷ் ரயில்வே வருமானம் இல்லாத கிளைப் பாதைகளை வரிசையாக மூடிக்கொண்டிருந்தது. டெவன் மாவட்டத்தில் சீட்டன் என்ற கடற்கரை ஊருக்குப் போன கிளை 1966இல் மூடப்பட்டிருந்தது. ஆக்ஸ் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிப் போகும் பாதை. லேன் அதை வாங்கினார். 1969 செப்டம்பரில் ஈஸ்ட்போர்னில் கடைசி ஓட்டம். அந்தக் குளிர்காலம் முழுக்கத் தண்டவாளம், கம்பம், வண்டி எல்லாம் லாரி லாரியாக இடம் மாறின. இரண்டடி இடைவெளி இரண்டே முக்கால் அடியாக அகன்றது, அதற்கேற்ப வண்டிகளின் சக்கரங்களையும் மாற்றினார்கள். 1970 ஆகஸ்ட் 28ஆம் தேதி சீட்டனில் முதல் பயணிகள் ஏறினார்கள். மேல்கம்பி இன்னும் கட்டி முடியவில்லை. அதனால் என்ன? செய்தவர் பேட்டரிக்காரர். பேட்டரியை ஏற்றி ஓட்டிவிட்டார்.

எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1971 ஏப்ரலில் லேன் மாரடைப்பில் போய்விட்டார். அண்ணன் தம்பி பிள்ளை உறவான ரோஜர் லேனும், கூட உழைத்த ஆலன் கார்ட்னரும் பொறுப்பெடுத்தார்கள். 1973இல் கம்பியில் மின்சாரம் வந்தது, வெறும் 120 வோல்ட்; நம் வீட்டு மின்சாரத்தில் பாதி. 1980இல் பாதை காலிட்டன் வரை நீண்டு மூன்று மைல் ஆயிற்று. பறவை பார்ப்பவர்களுக்கென்றே அங்கே தனி டிராம் விடுகிறார்கள். வண்டலூரில் ஓட்டேரி ஏரிக்கரையில் பறவைக்காகக் கழுத்து நோக நிற்பவர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

சீட்டனில் எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. பூர்ன்மவுத், எக்ஸிடர், லண்டன் ஆகிய ஊர்களில் நிஜமாக ஓடி, கழித்துக்கட்டப்பட்ட முழு அளவு டிராம்களின் உடல்கள் கிடைத்தன. அவற்றை அகலத்தில் அறுத்துச் சுருக்கி, இந்தச் சின்னப் பாதைக்கு ஏற்றபடி மாற்றி ஓட்டினார்கள். மாதிரிக்காக நிஜம் தன்னைக் குறைத்துக்கொண்டது. பழைமைப் பாதுகாப்பில் கறாரானவர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். கோழிக்கூண்டாக மக்கிப்போவதைவிட மெலிந்தாவது ஓடட்டும் என்பது என் கட்சி.

முகம் சுளிப்பவர்களுக்கும் தனிக் கதை உண்டு. 1948இல் சவுத்தாம்ப்டன் டிராம் ஒன்றைப் பத்து பவுனுக்கு வாங்கிய சிலர், அதை வைக்க இடமில்லாமல் ஆண்டுக்கணக்கில் அலைந்து, 1959இல் டெர்பிஷயரில் கிரிச் என்ற ஊரில் கைவிட்ட கல்குவாரியைப் பிடித்தார்கள். இன்று அது தேசிய டிராம் அருங்காட்சியகம்.

இந்தியாவில் இந்த அளவுக்கு டிராம் மாதிரி கட்டி ஓட்டிய கதையை நான் கேட்டதில்லை. ரயில் மாதிரிக்கு உண்டு. புனேயில் பாவ் ஜோஷி என்பவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கனவை 1998இல் கோத்ருட் பகுதியில் ஜோஷியின் குட்டி ரயில் அருங்காட்சியகமாகத் திறந்தார். அதற்கு முன் அவரும் ஊர் ஊராகக் கண்காட்சி போட்டவர்தான். எடுத்துப்போய்ப் பிரித்துக் கோக்கும்போது ஏற்படும் சேதம் தாங்காமல்தான் ஒரே இடத்தில் நிலையாக அமைத்தார். ஒரு முழு நகரமே அங்கே எண்பத்தேழில் ஒரு பங்காக இயங்குகிறது. கல்கத்தாவில் 1938இல் செய்த டிராம் ஒன்றையே அருங்காட்சியகமாக்கி எஸ்பிளனேடில் 2014இல் நிறுத்தினார்கள். ஆனால் அந்த ஊரிலும் மைதான் வழியாக ஒரு தடம் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக 2024இல் மேற்கு வங்க அரசு அறிவித்துவிட்டது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின் இருக்கிறது, குழந்தைகள் ஏறும் பொம்மை ரயில் இருக்கிறது.

சென்னையில் ஐம்பத்தெட்டு ஆண்டு ஓடிய டிராமை மேசைமேலாவது ஓட்டிப் பார்க்க நமக்குக் கை வராதா? வராது என்று சொல்ல முடியாது. நவராத்திரிக்குக் கொலுப் படிக்குப் பக்கத்தில் பூங்கா போடும் வீடுகள் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் எங்கும் உண்டு. ராகியை முளைக்கவைத்துப் புல்வெளி, கண்ணாடியைப் புதைத்துக் குளம், நடுவே சாவி கொடுத்தால் சுற்றும் ரயில். மாதிரித் தெரு கட்டும் கலை நமக்குப் பரம்பரையாகவே வந்திருக்கிறது. அளவுகோல் ஒன்றுதான் குறை. அந்தக் குறையும் பெரிதில்லை. பழைய மவுண்ட் ரோடு, பாரிமுனைப் படங்களில் டிராமுக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிற கட்டடங்கள் தெரிகின்றன. ஒரு வாசலின் உயரத்தை நேரில் போய் அளந்துகொண்டால், படத்தில் அதே தூரத்தில் நிற்கும் வண்டியின் உயரத்தைக் கணக்கிடலாம். கூரை எவ்வளவு, படிக்கட்டு எவ்வளவு, கம்பம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக வரும்.

வண்டலூரைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் கோடு பின்பற்றும் ரோபோ செய்து, மதிப்பெண் வாங்கி, அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். ஒரே ஓர் ஆண்டு, இயந்திரவியல் பிள்ளைகள் வண்டியையும், மின்னியல் பிள்ளைகள் கம்பியையும், கட்டடவியல் பிள்ளைகள் 1930களின் மவுண்ட் ரோட்டையும் பதினாறில் ஒரு பங்கில் செய்யட்டும். மழை வந்தால் நின்றுபோகும் அந்தப் பாதாள வாய்க்காலையும் ஒரு பக்கம் செய்து காட்டினால் இன்னும் விசேஷம். டிராமில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியின் நிறம், மணியோசை, இருக்கை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதையெல்லாம் அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.